பலமாய் அடிக்கிற சாம்பியனோடு மோதப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

போட்டி அட்டவணை வந்ததும் ஃபோன் அடிக்கத் தொடங்கும். "சேர், எனக்கு ஆமிக்காரன் விழுந்திருக்கிறான்." யாழ்ப்பாணத்தில் குத்துச்சண்டை பழகுகிற எவருக்கும் ஒருநாள் இது வரும். கொழும்பில் நடக்கும் தேசியப் போட்டிகளில் ராணுவ, கடற்படை அணிக்காரர்கள் நாள் முழுக்கப் பயிற்சி எடுத்துவிட்டு வருகிறார்கள். நம்முடைய பெடியள் ரியூசனுக்கும் வேலைக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் பழகுகிறவர்கள். அதிலும் எதிரே நிற்பவன் ஒரே அடியில் ஆளைப் படுக்கவைப்பவன் என்று பெயரெடுத்திருந்தால், அட்டவணையைப் பார்த்த அன்றே பாதிச் சண்டை போய்விடுகிறது.

வெல்லவே முடியாதா என்றால், முடியும். 1990 பெப்ரவரி 11ஆம் திகதி டோக்கியோவில் உலகச் சாம்பியன் மைக் டைசன் வளையத்துக்குள் ஏறியபோது 37 சண்டைகளில் ஒன்றிலும் தோற்றிருக்கவில்லை. அதில் 33 நொக்அவுட், ஆளை அடித்து விழுத்தி முடித்த வெற்றி. எதிரே நின்ற பஸ்டர் டக்ளஸ் வெல்வார் என்பதற்குப் பந்தய விலை 42க்கு 1. பத்தாவது சுற்றில் டைசன் முழங்காலில் நின்று, வாயிலிருந்து விழுந்த, பல்லைக் காக்கிற மௌத்பீஸைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

கையை இறக்காதே, நாடியை உள்ளே வை என்பதெல்லாம் இங்கே இல்லை. அது முதல் வாரப் பாடம். நாங்கள் அந்த வயதில் விட்டு, இன்றைய பெடியளும் அச்சுப் பிசகாமல் விடுகிற பிழைகள் வேறு.

நேராகப் பின்வாங்குவது

பயத்தில் கால் தானாகப் பின்னால் போகும். இரண்டு எட்டு வைத்ததும் முதுகில் கயிறு முட்டும். பலமாய் அடிப்பவனுக்கு வேண்டியதும் அதுதான். அவனுடைய வலக்கைக் குத்தும், பக்கத்தால் வளைந்து வருகிற அகல ஹூக்கும் முழு வேகம் எடுப்பதற்கு ஒரு தூரம் தேவை. நீங்கள் நேராகப் பின்வாங்கும்போது சரியாக அந்தத் தூரத்தில் போய் நிற்கிறீர்கள். ஒன்றில் அவன் கைக்கு எட்டாத இடத்தில் நில்லுங்கள், இல்லையென்றால் அவன் முழங்கைக்கு உள்ளே போய்விடுங்கள். கோடாலிப் பிடிக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு வெட்டு விழாது. நகர்வதென்றால் பக்கவாட்டில், அவனுடைய பலமான கைக்கு எதிர்ப்பக்கமாக.

டக்ளஸ் இதைத்தான் செய்தார். டைசனைவிட அவருக்குக் கை எட்டும் தூரம் 12 அங்குலம் அதிகம். முன்னால் இருக்கிற கையால் விடுகிற நேர்க்குத்தான ஜாப்பைப் போட்டார், போட்ட இடத்தில் நிற்காமல் நகர்ந்தார். டைசன் உள்ளே பாய்ந்தபோது கட்டிப்பிடித்தார். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அடி விழாது.

ஒரே அடியில் முடிக்க நினைப்பது

அது அவனுடைய தொழில். உங்களுடையது அல்ல.

கயிற்றில் சாய்ந்து, அவன் களைக்கட்டும் என்று காத்திருப்பது

இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பிழைக்காகத்தான். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த வருடம் இன்னொருவன் இதையே செய்துகொண்டு வந்து நிற்பான்.

எல்லாம் ஃபோனில் பார்க்கிற துண்டு வீடியோவால் வருகிறது. 1974 ஒக்டோபர் 30, ஆபிரிக்காவின் கின்ஷாசா. அப்போதைய உலகச் சாம்பியன் ஜோர்ஜ் ஃபோர்மன் அடிக்கிறார், முகமது அலி கயிற்றில் சாய்ந்து வாங்குகிறார், ஃபோர்மன் களைக்கிறார், அலி விழுத்துகிறார். ஒன்றரை நிமிடத்துக்குள் கதை முடிந்துவிடும். பார்ப்பவனுக்கு என்ன தோன்றும்? அடியை வாங்கிக்கொண்டு பொறுமையாக நின்றால் போதும் என்றுதான்.

கொழும்பில் ஒரு சண்டை. நம்முடைய பெடியன் உயரம், நல்ல ஜாப். முதல் சுற்றை அவன்தான் எடுத்தான் என்று எனக்குப் பட்டது. இரண்டாவது சுற்று மணி அடித்ததும் ஆள் தானாகவே போய்க் கயிற்றில் சாய்ந்தான். யாரும் தள்ளவில்லை. முழங்கை இரண்டும் விலாவில், கிளவுஸ் இரண்டும் நெற்றியில். மற்றவன் அவசரப்படவே இல்லை. முதலில் கைகளின் மேலேயே அடித்து அவற்றை மேலே தூக்க வைத்தான். வலது முழங்கை கொஞ்சம் உயர்ந்ததும் விலாவுக்குக் கீழே ஈரல் பக்கமாக ஒரு இடக்கை ஹூக் இறங்கியது. பெடியன் வாய் திறந்து மௌத்பீஸ் பாதி வெளியே வந்துவிட்டது. மத்தியஸ்தர் நடுவில் புகுந்து அவன் முகத்துக்கு முன்னால் விரல்களைக் காட்டி எண்ணத் தொடங்கினார்.

இடைவேளையில் கேட்டேன், "என்னடா செய்யிறாய்?"

"அவன் களைக்கட்டும் எண்டு நிக்கிறன், சேர்."

எங்கே களைப்பது? நம்முடைய சண்டை மூன்று நிமிடப்படி மூன்று சுற்று, மொத்தம் ஒன்பது நிமிடம். எதிரே நிற்பவன் விடியற்காலையில் அதைவிடக் கூடுதலான நேரம் ஓடிவிட்டுச் சாப்பிடப் போகிறவன். கின்ஷாசாவில் நடந்தது பதினைந்து சுற்றுச் சண்டை. அதிலும் ஃபோர்மன் விழுந்தது எட்டாவது சுற்றின் கடைசியில்தான். இருபது நிமிடத்துக்கு மேல் அடித்த பிறகுதான் அந்த மனிதர் களைத்தார். உங்களுக்கு அந்த இருபது நிமிடம் யார் தருவார்கள்?

இன்னொன்று. முழுச் சண்டையையும் உட்கார்ந்து பார்த்தவன் அலி சும்மா நின்றார் என்று சொல்லமாட்டான். முதல் சுற்றில் அலி நடுவில் நின்று, ஜாப்பே இல்லாமல் நேராக வலக்கையால் ஃபோர்மனின் முகத்தில் அடித்தார். கயிற்றில் நின்றபோதும் ஃபோர்மனின் பிடரியைப் பிடித்துக் கீழே அமத்தினார், தன்னுடைய பாரத்தை அவர்மேல் போட்டார். சுற்று முடியப் போகிற நேரத்தில் சடசடவென்று நாலைந்து அடி கொடுத்தார். சண்டை நிறுத்தப்பட்டபோது மூன்று நடுவர்களின் புள்ளியிலும் அலியே முன்னால். துண்டு வீடியோவில் இதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகிறது. எனக்கு எரிச்சலே அதுதான்.

இனிப் புள்ளிக் கணக்குக்கு வருவோம். அமெச்சூர் போட்டியில் ஒவ்வொரு நடுவரும் சுற்றை வென்றவனுக்கு 10, தோற்றவனுக்கு 9 அல்லது அதற்குக் குறைய என்று போடுவார். நீங்கள் கயிற்றில் சுருண்டு நிற்கும்போது அவன் அடிப்பதில் முக்கால்வாசி உங்கள் கையில்தான் படும். ஆனாலும் நடுவரின் கதிரையில் இருந்து பார்த்தால் வேலை செய்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன். அந்தச் சுற்று போச்சு. ஒரு சுற்றைத் தாரை வார்த்தவன் மிச்ச இரண்டையும் சாம்பியனிடம் இருந்து பறிக்கவேண்டும். அது நடக்கிற காரியமா?

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூன்றில் இரண்டு சுற்று போதும், அவனை விழுத்தத் தேவையே இல்லை. நொக்அவுட்டில் பழகியவர்கள் பெரும்பாலும் முதல் சுற்றில் சோம்பேறிகள். பெரிய அடிக்கு இடம் பார்த்து நேரத்தைக் கழிப்பார்கள். ஏழை பணக்காரன் பார்க்காமல் உங்களுக்குக் கிடைக்கிற சந்தர்ப்பம் அந்த மூன்று நிமிடம்தான். ஜாப், ஜாப், நகர். திரும்பவும் ஜாப். முதல் சுற்று போய்விட்டது என்று இடைவேளையில் அவனுடைய மூலையில் நிற்கிற ஆட்கள் சொல்வார்கள், அடுத்த சுற்றில் அவசரமாக வருவான். அவசரப்படுகிறவன் நேராக வருவான், நேராக வருபவனை அடிப்பது சுகம்.

சரி, கயிற்றில் மாட்டிவிட்டீர்கள். முதலில் ஒரு அடி போடுங்கள், அதோடு திரும்பி வெளியேறுங்கள். முடியாவிட்டால் கட்டிப்பிடியுங்கள், மத்தியஸ்தர் பிரித்துவிடுவார். இப்போது நான் பயிற்சியில் ஆளைக் கயிற்றில் நிறுத்தி, பத்து எண்ணுவதற்குள் வெளியே வரச் சொல்கிறேன். வராவிட்டால் தண்டால். யாருக்கும் பிடிக்கவில்லை, பரவாயில்லை.

அவனுடைய நொக்அவுட் வீடியோக்களைப் பார்ப்பது

அவன் தோற்ற சண்டையைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் படுத்துத் தூங்குங்கள்.

கடைசி நாளில் எடை இறக்குவது

பண்ணை வீதியில் மத்தியான வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடுவது, பிறகு தண்ணீர் குடிக்காமல் இரவு பஸ்ஸில் கொழும்புக்கு 400 கிலோமீட்டர். எடை சரியாக நிற்கும், ஆள் நிற்கமாட்டான். உடம்பில் நீர் வற்றியவனுக்குத் தலையில் விழுகிற அடி இன்னும் ஆபத்து. எடை வராவிட்டால் ஒரு பிரிவு மேலே போங்கள், அவ்வளவுதான்.

மூலையில் நிற்க யாரையாவது கூட்டிப்போவது

டோக்கியோவில் டைசனின் இடது கண் வீங்கி மூடத் தொடங்கியது. வீக்கத்தை அமுக்குகிற குளிர்ந்த இரும்பை அவருடைய ஆட்கள் கொண்டுவந்திருக்கவில்லை. ரப்பர் கையுறைக்குள் ஐஸ் தண்ணீரை ஊற்றிக் கண்ணில் வைத்தார்கள். உலகச் சாம்பியனின் மூலையே இந்த இலட்சணம். உங்கள் மூலைக்கு வருகிற மச்சான் பாதி இடைவேளையை "அடிடா, அடிடா" என்று கத்தியே முடித்துவிடுவான். ஒருவர் மட்டும் பேசட்டும், ஒரு விஷயம் மட்டும் சொல்லட்டும். மற்றவர் தண்ணீர்.

விழுந்ததும் துள்ளி எழும்புவது

எட்டாவது சுற்றில் டக்ளஸ் விழுந்தார். எண்ணிக்கையைக் கவனித்து, ஒன்பதில் எழும்பினார். நம்முடைய போட்டியில் மத்தியஸ்தர் எட்டு வரை கட்டாயம் எண்ணுவார், நீங்கள் இரண்டில் எழும்பினாலும் சண்டை தொடங்காது. வெட்கத்தில் பாய்ந்து எழும்பித் தள்ளாடினால், அதைப் பார்த்தே நிறுத்திவிடுவார். ஒரு முழங்காலில் நின்று மூச்சை எடுங்கள். பிறகு எழும்பி, கைகளைத் தூக்கி, அவர் கண்ணைப் பாருங்கள்.

தலையிடியை மறைப்பது

வீட்டில் சொன்னால் இனி விடமாட்டார்கள் என்று மறைக்கிறார்கள். சத்தி, தலைச்சுற்று, வெளிச்சம் கண்ணில் குத்துவது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தலையில் அடிபட்டு நொக்அவுட் ஆனவன் குறைந்தது 30 நாள் வளையத்துக்குள் ஏறக்கூடாது. பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங்கும் அதில் சேர்த்தி. மருத்துவர் எழுதித் தராமல் என்னிடம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.