சென்னைக்குக் குடிவரும் அயலகத் தமிழர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து சென்னைக்குக் குடிவரப் போகிற தமிழர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: சொந்த ஊருக்குப் போகிறோம் என்று எண்ணாதீர்கள், புது ஊருக்குப் போகிறோம் என்றே வாருங்கள். பாட்டன் காலத்திலேயே கடல் கடந்த குடும்பத்தில் பிறந்து இப்போதுதான் இங்கே காலெடுத்து வைக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, இங்கேயே பிறந்து பிழைப்புக்காகப் போய்த் திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். எங்கள் வீட்டில் இரண்டு வகையும் உண்டு. நான் மாம்பலத்தில் வளர்ந்தவள். கணவர் மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர், பிள்ளைகளும் அங்கேதான். என் அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் குடும்பத்தோடு இங்கே வந்தோம். அவருக்கு ஊர் பழகிய வேகத்தில் எனக்குப் பழகவில்லை. தெரியாததை அவர் கூச்சமில்லாமல் கேட்டார், அக்கம்பக்கத்திலும் சொல்லிக்கொடுத்தார்கள். "உனக்குத் தெரியாததா?" என்று நினைத்து என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சரி, முதலில் காகிதங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைதான் வழி. இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் பதிவுத் திருமணச் சான்று வேண்டும், திருமணமாகி இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். தாய் தந்தையரில் ஒருவர் இந்தியக் குடியுரிமை உள்ளவர் என்றால் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கும் கிடைக்கும். இந்த அட்டை இருந்தால் ஆயுள் முழுக்க வந்து போகலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலமும் வாங்க முடியாது. ஊர்ப்பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கித் தென்னை வைக்கலாம் என்ற கனவோடு வருகிறவர்கள் பலர், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பரம்பரையாக வரும் நிலத்துக்குத் தடையில்லை.

ஓசிஐ இல்லாமல் விசாவில் வந்தால், நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வேலை இப்போது இணையத்திலேயே முடிகிறது. ஆதாருக்கு, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வந்ததுமே விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும். அதுவரை சிம் கார்டு, கேஸ் இணைப்பு என்று போகிற இடமெல்லாம் ஆதார் கேட்பார்கள். கடவுச்சீட்டு, பான் கார்டு, வாடகை ஒப்பந்தம் மூன்றின் நகலையும் பையிலேயே வைத்திருங்கள்.

வங்கியில் என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான கணக்கு, இருந்தால், நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்குச் சொல்லி அதை மாற்றிவிட வேண்டும். நீண்ட காலம் வெளியே இருந்துவிட்டு வருகிறவர்களின் வெளிநாட்டு வருமானத்துக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இங்கே வரி விலக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு ஆடிட்டரிடம் பேசுங்கள், எந்த மாதம் திரும்புகிறீர்கள் என்பதுகூட இதில் கணக்கு.

அப்புறம் வீடு. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள், கொஞ்சமாவது இறங்கி வருவார்கள். வாடகையைவிட முக்கியம் தண்ணீர். கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிறதா, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வாங்க வேண்டியிருக்குமா, அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேருமா என்று ஓனரிடம் கேட்பதோடு நிறுத்தாமல் வாட்ச்மேனிடமும் கேளுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு நகரமே குடத்தோடு தெருவில் நின்றது. அதே ஊரில்தான் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த இரண்டு டிசம்பரிலும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்க் கடைக்காரரைக் கேட்டால் கையால் உயரம் காட்டிவிடுவார். தரைத்தளத்தில் வீடு பார்க்கிறவர்கள் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வீடு தேடும்போது இன்னொன்றும் நடக்கும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதியைக் கேட்பார்கள். சைவமா என்ற கேள்வியும் பல இடங்களில் அதற்காகவே வரும். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புரியாது, புரிந்தால் வலிக்கும். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நாங்கள் சொல்லவில்லை, கேட்டவர்களின் வீட்டையும் எடுக்கவில்லை. கொஞ்சம் அலைந்தால் கேட்காத ஓனர்கள் கிடைக்கிறார்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, இப்படிக் கேட்பார்கள், இது தவறு, இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். பள்ளியில் வேறொரு குழந்தை வாயிலிருந்து முதல்முறை கேட்பதைவிட அது நல்லது.

பெற்றோருக்காக வருகிறவர்களிடம் மனம்விட்டுப் பேச நிறைய இருக்கிறது. நாம் இல்லாத ஆண்டுகளில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு நடைமுறையை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த டாக்டர், எந்த மருந்துக்கடை, காலையில் யாரோடு நடை, ஆவின் பாலில் எந்தக் கலர் பாக்கெட் என்று எல்லாம் முடிவாகி இருக்கும். போன வேகத்தில் அதைத் திருத்தப் புறப்படாதீர்கள். "அந்தப் பழைய டாக்டர் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று நீங்கள் அக்கறையோடு சொல்வது, இத்தனை நாள் அழைத்துப்போன தம்பிக்கும் அவன் மனைவிக்கும் குற்றச்சாட்டாகக் கேட்கும். ராத்திரி மூச்சுத்திணறல் வந்தபோது 108-க்குப் போன் செய்து கூடவே ஆம்புலன்ஸில் ஏறியது அவர்கள். நாம் அனுப்பிய பணம் உதவியதுதான், ஆனால் பணமும் அந்த ராத்திரியும் ஒன்றல்ல. முதல் சில மாதம் அவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். பிறகு, "இந்த வேலையை இனி நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று தம்பி மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொத்துப் பேச்சை முதல் வருடம் நீங்களாக எடுக்காதீர்கள். அவர்கள் எடுத்தால் வில்லங்கச் சான்று, பட்டா, உயில் எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்து எல்லார் முன்னிலையிலும் பேசுங்கள்.

ஒரே வீட்டில் இருக்கலாமா என்று கேட்டால், நடந்து போகும் தூரத்தில் தனி வீடு என்பேன். அம்மா அதற்கு வருத்தப்படலாம். தினமும் சாயங்காலம் போய் அரைமணி உட்கார்ந்து காப்பி குடித்து வந்தால் அந்த வருத்தம் கரைந்துவிடும். ஒரே சமையலறையில் இரண்டு தலைமுறை திடீரென்று சேர்ந்தால் வரும் வருத்தம் அத்தனை எளிதில் கரையாது. வெளிநாட்டில் பிறந்த மனைவியோ கணவரோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். உறவினர் கூட்டத்தில் சம்பளம், எடை, இன்னொரு குழந்தை என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். இங்கே அது அன்பின் கணக்கில் சேர்ந்தது என்றாலும், கேட்கப்படுகிறவருக்கு அப்படித் தோன்றாது. பக்கத்தில் நின்று பேச்சை மாற்றுவது உங்கள் வேலை.

பிள்ளைகளுக்குப் பள்ளி பார்க்கும்போது, தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம் என்பதைக் கவனியுங்கள். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். தமிழ் எழுதத் தெரியாமல் வருகிறவர்கள் கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைக் கிளம்புவதற்கு முன்பே தொடங்கலாம். உச்சரிப்பை வைத்துக் கேலி செய்தால் உடனே வகுப்பாசிரியரைப் பாருங்கள், "போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் நண்பர்களை விட்டு வந்திருக்கிறார்கள். நமக்கு இது திரும்பி வருதல், அவர்களுக்குப் புறப்பாடு. பழைய நண்பர்களோடு வீடியோவில் பேச நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். வார இறுதியில் அதே கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு அழைத்துப் போங்கள், என் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் முதலில் பிடித்துப்போன இடம் அதுதான்.

தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லிப் புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஏசி போட்டுப் பழகியவர்கள் 500 யூனிட்டைத் தாண்டினால் பில் சட்டென்று ஏறும்.

எப்போது வரலாம் என்றால், முடிந்தவரை ஜனவரியில். மழை ஓய்ந்து வெயில் தொடங்காத மாதம் அது, பொங்கலுக்கு உறவினர்களும் ஊரில் இருப்பார்கள், புத்தகக் காட்சியும் நடக்கும். பொங்கலையொட்டி ஜனவரி 12 அயலகத் தமிழர் தினத்துக்கு அரசு நடத்தும் விழாவுக்கும் போய்ப் பாருங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வீடு, சேர்க்கை, காகிதங்கள் எல்லாவற்றையும் அவசரமில்லாமல் முடிக்கலாம். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று மூன்றுக்கும் அந்த நாட்டிலேயே முறைப்படி சான்றொப்பம் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். இங்கே வந்த பிறகு அதற்காகத் திரும்பிப் போவது பெரிய செலவு.