இடமா, கைப்பக்குவமா? பேப்பரும் பேனாவும் வைத்து க்யூசிஏ பழகுவோம்

டிபன் கடை நன்றாக ஓட என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் "இடம்தான் சார்" என்பார்கள். ஆனால் நல்ல இடத்தில் ஈ ஓட்டும் கடையும் உண்டு, சந்துக்குள் கூட்டம் அலைமோதும் கடையும் உண்டு. தொழில் ஆய்வில் தலையைச் சுற்ற வைப்பது இதுதான். காரணங்கள் தனித்தனியாக வேலை செய்வதில்லை, கூட்டணி சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஒரே பலனுக்குப் பல கூட்டணிகளும் இருக்கலாம். இதைப் பிடிக்க அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ரேகின் 1987-ல் முன்வைத்த முறைதான் க்யூசிஏ (Qualitative Comparative Analysis, பண்புசார் ஒப்பீட்டு ஆய்வு). சிறிய கணக்கென்றால் கையாலேயே போட்டுவிடலாம்.

படி 1: பலனை ஒரு வரியில் எழுதுங்கள்

"வெற்றி" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் வரும். "3 வருடம் தாண்டியும் நஷ்டமில்லாமல் ஓடுகிறது" என்று எழுதுங்கள். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0.

படி 2: மூடிய கடைகளைத் தேடுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். திறந்திருக்கும் கடைக்குள் போய்ப் பேட்டி எடுப்பது சுலபம். அங்கே காபியும் கிடைக்கும். மூடிய கடைக்காரரைப் பிடிக்க பக்கத்துப் பெட்டிக்கடை, கட்டட உரிமையாளர், பால் ஊற்றியவர் என்று அலைய வேண்டும். அலையுங்கள். தோற்றவர்கள் இல்லாத பட்டியலில் எல்லாமே வெற்றிக்குக் காரணம் போலத்தான் தெரியும்.

படி 3: காரணங்களை அளவோடு வையுங்கள்

மூன்று காரணம் என்றால் 8 விதமான சேர்க்கைகள், நான்கு என்றால் 16, ஏழு என்றால் 128. பன்னிரண்டு கடைகளை வைத்துக்கொண்டு ஏழு காரணம் எடுத்தால் அட்டவணையில் முக்கால்வாசிக்கு மேல் காலியாகக் கிடக்கும். நாம் மூன்று எடுப்போம்:

இடம்: பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிறதா?
கை: சொந்தக்காரரே அடுப்படியில் நிற்கிறாரா?
கணக்கு: மாதக் கணக்கில் சாப்பிடும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களா?

படி 4: அட்டவணை போடுங்கள்

கீழே இருப்பது பழகுவதற்காக நானே போட்ட கணக்கு. மொத்தம் 12 கடைகள்.

இடம் 1, கை 1, கணக்கு 1: 1 கடை, ஓடுகிறது
இடம் 1, கை 1, கணக்கு 0: 3 கடைகள், ஓடுகின்றன
இடம் 0, கை 1, கணக்கு 1: 2 கடைகள், ஓடுகின்றன
இடம் 0, கை 0, கணக்கு 1: 2 கடைகள், ஓடுகின்றன
இடம் 1, கை 0, கணக்கு 0: 2 கடைகள், மூடியாயிற்று
இடம் 0, கை 1, கணக்கு 0: 1 கடை, மூடியாயிற்று
இடம் 0, கை 0, கணக்கு 0: 1 கடை, மூடியாயிற்று

முதலில் வழக்கமான சதவீதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் கடைகள் 6, அதில் ஓடுபவை 4. மற்றவை 6, அதிலும் ஓடுபவை 4. அப்படியானால் இடத்துக்கும் பிழைப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

படி 5: சுருக்குங்கள்

ஓடும் வரிசைகளை மட்டும் எடுத்து, ஒரே ஒரு காரணத்தில் மட்டும் மாறுபடும் ஜோடியைத் தேடுங்கள். முதல் இரண்டில் கணக்கு மட்டும் மாறுகிறது, பலன் மாறவில்லை. அப்படியென்றால் அங்கே கணக்கு தேவையில்லை, அடித்துவிடுங்கள். மிஞ்சுவது "இடம் + கை". அடுத்த இரண்டில் கை மாறுகிறது, அதையும் அடித்தால் "இடம் இல்லை + கணக்கு".

முதலாவதும் மூன்றாவதும்கூட ஒரு ஜோடிதான், ஆனால் அந்தக் கடைகள் ஏற்கெனவே இந்த இரண்டுக்குள் அடங்கிவிட்டதால் அதை விட்டுவிடலாம். ஆக, இரண்டு வழிகள் கிடைத்துவிட்டன. பஸ் ஸ்டாண்டில் இருந்தால் சொந்தக்காரரே கரண்டி பிடிக்க வேண்டும். தள்ளி இருந்தால் மாதக் கணக்கு ஆட்கள் வேண்டும். ஓடும் 8 கடைகளில் ஒவ்வொரு வழியிலும் 4. சதவீதக் கணக்கு "சம்பந்தமே இல்லை" என்று சொன்ன இடம்தான் எந்த வழி என்பதையே தீர்மானிக்கிறது.

எட்டாவது சேர்க்கையை கவனித்தீர்களா? இடமும் கணக்கும் இருந்து, கை இல்லாத கடை ஒன்றுகூட நம் பட்டியலில் இல்லை. அது ஓடியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது வழி வெறும் "கணக்கு" என்று இன்னும் சுருங்கும். வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஊகம் என்று ஆய்வறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

ஒரே வரிசையில் ஒரு கடை ஓடி இன்னொன்று மூடியிருந்தால் பதறாதீர்கள். திரும்ப அந்தத் தெருவுக்குப் போங்கள். நீங்கள் எடுக்காமல் விட்ட ஒரு காரணம் அங்கே இருக்கலாம். பெரிய ஆய்வுகளில் 0.8 இசைவு இருந்தால் ஏற்றுக்கொள்வது வழக்கம். அதாவது அந்த வரிசையில் ஐந்து கடை இருந்தால் குறைந்தது நான்கு ஒத்துப்போக வேண்டும்.

படி 6: தோல்விக்குத் தனிக் கணக்கு

வெற்றிக்கான விடையைத் தலைகீழாக்கி தோல்விக்கு வைக்காதீர்கள். மூடிய மூன்று வரிசைகளையும் நீங்களே சுருக்கிப் பாருங்கள். "கையும் இல்லை, கணக்கும் இல்லை", "இடமும் இல்லை, கணக்கும் இல்லை" என்று வந்தால் சரி. மூடிய கடை எதிலும் மாதக் கணக்கு இல்லை. ஆனால் அது இல்லாமலே ஓடும் 3 கடைகள் இரண்டாவது வரிசையில் இருக்கின்றன.

இது கைவந்த பிறகு, ஆம் இல்லை என்பதற்குப் பதில் 0-க்கும் 1-க்கும் நடுவே மதிப்பெண் போடும் எஃப்எஸ்-க்யூசிஏ (fuzzy-set QCA) பக்கம் போகலாம். அதற்கான மென்பொருள் இலவசம்தான்.