ரேட்டிங் பார்த்துக் குதிரை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான், அதனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆட்களை அங்கே ரேஸ்கோர்ஸில் நிறையவே பார்க்கலாம். யாரோ காதில் சொன்ன டிப்ஸை நம்பிப் பணம் கட்டாமல் ஃபார்ம் (முந்தைய ஓட்டங்களில் பிடித்த இடங்கள்), டைம், ரேட்டிங் (குதிரையின் திறமைக்குப் போடும் எண்) என்று உட்கார்ந்து பார்ப்பவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர்களிலும் பலர் எண்ணைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். அந்த எண் எந்தத் தரையில், எத்தனை கிலோ எடையைச் சுமந்து, எப்படிப்பட்ட ஓட்டத்தில் வந்தது என்று கேட்பதில்லை. பணம் போவது அங்கேதான்.

வெறும் டைமை டைமோடு ஒப்பிடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. 1200 மீட்டரை ஒரு குதிரை 1 நிமிடம் 13 வினாடியில் முடித்தது, இன்னொன்றுக்கு 1 நிமிடம் 14.5 வினாடி ஆனது, அப்போ முதல் குதிரைதான் உசத்தி என்று முடிவு கட்டிவிடுவார்கள். எருது விடும் விழா பார்த்து வளர்ந்த நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், காய்ந்து இறுகின தெருவில் ஒரு காளை எடுத்த வினாடியை மழை பெய்து சொதசொதவென்று கிடக்கும் இன்னொரு ஊர் வினாடியோடு வைத்து யாரும் பேச மாட்டார்கள். பெங்களூரு கோடை சீசனில் மழையும் கூடவே வரும், போன வாரம் இறுகியிருந்த புல்தரை இந்த வாரம் இளகிக் கிடக்கும். அதைச் சொல்லத்தான் தரையின் இளக்கத்தை அளக்கும் பெனிட்ரோமீட்டர் ரீடிங் போடுகிறார்கள். எண் கூடக் கூடத் தரை இளக்கம் என்று அர்த்தம். ஃபால்ஸ் ரெயிலை (உள்பக்கத் தற்காலிக வேலி) எத்தனை மீட்டர் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள், ரெயில் வெளியே வந்தால் வளைவில் ஓடுகிற தூரமே கூடிவிடும். அன்றைக்கு நடந்த எல்லா ரேஸும் வழக்கத்தைவிட ஒரு வினாடி மெதுவாக முடிந்திருந்தால் அந்த ஒரு வினாடி தரையின் கணக்கு, குதிரையின் தலையில் எழுதக் கூடாது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ பேயர் கொண்டுவந்த, டைமை வைத்துப் போடும் ரேட்டிங்கான ஸ்பீட் ஃபிகருக்கு உயிரே இந்த அன்றன்றைய திருத்தம்தான்.

சரி, பேயர் முறையை அப்படியே இங்கே எடுத்துப் போடலாமா என்றால் அதுவும் தவறு. அதில் குதிரை சுமக்கும் எடைக்குக் கணக்கே கிடையாது. இங்கேயோ நிறைய ரேஸ் ஹேண்டிகேப், அதாவது திறமைக்கேற்ப எடை ஏற்றி ஓட்டுவது, ஹேண்டிகேப் ரேட்டிங் ஒரு பாயின்ட் ஏறினால் அரைக் கிலோ எடை ஏறும். ஒரு உதாரணம் பாருங்கள். போன முறை 1200 மீட்டரில் ஒரு குதிரை 51 கிலோவோடு மூன்று லெங்த்தில் (லெங்த் என்றால் ஒரு குதிரை நீளம்) ஜெயித்தது, இரண்டாவதாக வந்ததற்கு 55 கிலோ. ஜெயித்ததற்குப் பத்து பாயின்ட் ஏற்றியதால் இன்றைக்கு அதே இரண்டும் மோதும்போது அதற்கு 56 கிலோ, தோற்றதற்கு அதே 55. இந்தத் தூரத்தில் ஒரு லெங்த்துக்கு ஒன்றேகால் கிலோ என்று தோராயமாக வைத்தால், ஏறிய 5 கிலோ நான்கு லெங்த்துக்குச் சமம். மூன்று லெங்த் வெற்றி காகிதத்தில் ஒரு லெங்த் தோல்வியாக மாறிவிட்டது, கூட்டமோ இன்னமும் போன வாரத்து வெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஃபார்ம் வரிசையில் 4, 5, 6 என்று இருந்தால் உடனே அடித்துவிடாதீர்கள். புறப்படும்போதே வெளிப்பக்க கேட்டில் மாட்டி வளைவு முழுக்க வெளியே சுற்றி ஓடியதா, மேல் கிளாஸில் ஓடிவிட்டு இன்று இறங்கி வருகிறதா, 1600 மீட்டர் குதிரையை 1200ல் ஓட்டினார்களா? அதே மாதிரி ஜெயித்த குதிரையும் யாரும் துரத்தாமல் முன்னால் சும்மா நடைபோட்டு, கடைசி 400 மீட்டரில் மட்டும் விரட்டி ஜெயித்திருக்கலாம். ஓட்டம் மெதுவாகப் போன ரேஸில் டைம் எதையும் சொல்லாது, அதை வைத்துப் போட்ட ரேட்டிங்கை ஓரமாக வைப்பதே நல்லது. முடிந்தவரை ரேஸ் வீடியோவைப் பார்த்துவிடுங்கள்.

காலைப் பயிற்சி ஓட்டமான டிராக்வொர்க் டைமையும் ரேஸ் டைமாக நினைத்துக் கொள்கிறார்கள். '600 மீட்டர் 39' (வினாடி) என்று போட்டிருந்தால் உள் மணல் பாதையான இன்னர் சேண்டா வெளி மணல் பாதையான அவுட்டர் சேண்டா, மேலே இருந்தது ஜாக்கியா பயிற்சிக்கு மட்டும் ஓட்டும் ரைடிங் பாயா, விரட்டினார்களா அதன்போக்கில் விட்டார்களா என்று பார்க்காமல் அந்த 39ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இத்தனையும் பார்த்துச் சரியான குதிரையை எடுத்த பிறகும் விலையை, அதாவது ஜெயித்தால் கட்டியதற்கு எவ்வளவு தருவார்கள் என்பதைப் பார்க்காமல் கட்டுவதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. ரேட்டிங்கில் முதலில் நிற்கும் குதிரை எல்லார் கண்ணிலும்தான் படும், அதனால் அதன் விலை சீக்கிரமே இறங்கிவிடும். ஒன்றுக்கு ஒன்று (கட்டிய அளவுக்கே லாபம்) கிடைக்கிற குதிரை இரண்டு ரேஸுக்கு ஒன்றில் ஜெயித்தால்தான் போட்ட காசாவது வரும், அதுவும் வரியைச் சேர்க்காமல். அந்த ஜிஎஸ்டி 2023 அக்டோபரில் கட்டுகிற மொத்தத் தொகைக்கும் 28 சதவீதம் என்றாகி, 2025 செப்டம்பரில் 40 ஆகவும் ஏறிவிட்டது. அதனால் பந்தயத்துக்கு முன்னால் இந்தக் குதிரை பத்தில் எத்தனை தடவை ஜெயிக்கும் என்று நீங்களே ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் விலை போட்டிருக்கும் போர்டைப் பாருங்கள். பத்துக்கு மூன்று என்று எழுதியிருந்து, போர்டில் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றால், அது ஜெயிக்கப்போகிற குதிரையாகவே இருந்தாலும் அந்த ரேஸை விட்டுவிடுங்கள்.