வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், 27 ஆயிரத்துக்குள்ள: எதைப் பார்த்து வாங்கணும்

போன மாசம் எங்க அக்கா போன் பண்ணி, "தம்பி, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்டா, பெரியவன் ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கான், சின்னவ ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்னு வாரம் ரெண்டு தடவை ப்ரவுசிங் சென்டருக்கு ஓடுறா, மாமாவுக்குக் கடைக் கணக்கு ஏத்தணும், ஆனா 27 ஆயிரத்துக்கு மேல ஒரு ரூபா போக முடியாது"ன்னாங்க. இதே கேள்வியை இதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு நிறைய பேர் கேட்டுட்டாங்க, அதனால இந்தத் தடவை எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடுறேன்.

முதல்ல லேப்டாப்பா டெஸ்க்டாப்பா. அதைத் தூக்கிட்டு வெளிய போற ஆள் வீட்டுல இருந்தா லேப்டாப், இல்லன்னா யோசிக்கவே வேணாம், டெஸ்க்டாப்தான். நாலு பேர் மாத்தி மாத்தி உக்கார்ற வீட்டுல கீபோர்ட்ல காபி கொட்டத்தான் செய்யும், டெஸ்க்டாப்னா ஐநூறு ரூபாய்க்குப் புது கீபோர்ட் வாங்கி மாட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம், லேப்டாப்ல அதே காபி உள்ள போர்டு வரைக்கும் இறங்கிடும். அதோட 25 ஆயிரத்துக்குக் கிடைக்கிற புது லேப்டாப்ல எல்லாம் ப்ராசஸர், அதாவது மெஷினோட மூளை, ரொம்ப சாதாரணமா இருக்கும், சில மாடல்ல ரேமை, அதாவது வேலை நடக்கிறப்ப தற்காலிகமா வச்சுக்கிற மெமரியை, போர்டோடவே சால்டர் பண்ணியிருப்பாங்க, பின்னாடி ஏத்தவும் முடியாது.

அடுத்து புதுசா பழசா. இந்த பட்ஜெட்டுக்கு நான் பழசுதான் சொல்வேன், ஆனா எந்தப் பழசுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. பெரிய ஐடி கம்பெனி, பேங்க் எல்லாம் மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா மெஷினை மாத்துவாங்க. அப்படி வெளிய வர்ற டெல் ஆப்டிப்ளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் இந்த மூணு வகைதான் சென்னை ரிச்சி தெருவுலயும் மத்த ஊர் கம்ப்யூட்டர் கடைகள்லயும் ரீஃபர்பிஷ்ட்னு, அதாவது பழசைச் சரி பண்ணி, விக்கிறது. ஆபீஸ்ல ஏசி ரூம்ல வருஷக்கணக்கா ஓடுறதுக்குன்னே செஞ்ச மெஷின், உள்ள போர்டு, பவர் சப்ளை எல்லாம் அந்தக் கம்பெனியே போட்டது, அதனால கடைக்காரர் கையில கிடைச்சதை வச்சு அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிற மலிவு செட்டை விட இதை நம்பலாம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், இதை மட்டும் நிதானமா படிங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க சித்தப்பா ஒரு கடையில "ஐ7, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, மானிட்டரோட 14 ஆயிரம்"னு போர்டைப் பார்த்துட்டு சந்தோஷமா வாங்கிட்டு வந்துட்டாரு. நான் போய்த் திறந்து பார்த்தா ஐ7-2600, அது 2011ல வந்த ப்ராசஸர். பதிமூணு வருஷப் பழசு. ஐ7ங்கிற பேரை மட்டும் வச்சு வித்துட்டாங்க, ரிட்டயர்மென்ட் பணத்துல வாங்குனவர் அவரு, எனக்கு அன்னைக்கு ரொம்ப வலிச்சுது. அதுல இருந்து யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்லிக் கொடுக்கிறது அந்த நம்பரை எப்படிப் படிக்கிறதுன்னுதான். இன்டெல் கம்பெனி ப்ராசஸர்ல ஐ3, ஐ5, ஐ7ங்கிறது பெருசில்ல, கோட்டுக்கு அப்புறம் வர்ற நம்பர்தான் பெருசு. ஐ5-8500னா 8ங்கிறது எட்டாவது ஜெனரேஷன், அதாவது எட்டாவது தலைமுறை, ஐ5-6500னா ஆறாவது, ஐ3-12100 மாதிரி அஞ்சு இலக்கமா இருந்தா முதல் ரெண்டு இலக்கம், அதாவது பன்னெண்டாவது. எட்டாவது ஜெனரேஷன் ஐ5ல ஆறு கோர், அதாவது ஒரே நேரத்துல வேலை செய்யுற ஆறு பகுதி இருக்கு, ஏழாவது வரைக்கும் டெஸ்க்டாப் ஐ5ல நாலு கோர்தான்.

எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழ வாங்காதீங்க. ஏன் எட்டுலயே நிக்கிறேன்னா, விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்குப்படி இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் சப்போர்ட், கூடவே டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சமாச்சாரமும் இருக்கணும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. அதனால அதுக்கு முன்னாடி ஜெனரேஷன் மெஷின் எல்லாம் இப்ப ஆபீஸ்கள்ல இருந்து கொட்டிக்கிட்டு இருக்கு, எட்டாயிரம் ஒன்பதாயிரத்துக்குத் தர்றேம்பாங்க, ஆசையாத்தான் இருக்கும். இதுல இன்னொன்னும் நடக்குது, ஆறாவது ஜெனரேஷன் மெஷின்லயே செக்கிங்கைத் தாண்டிப் போற மாதிரி விண்டோஸ் 11 போட்டு வச்சிருப்பாங்க. ஆன் பண்ணிப் பார்த்தா விண்டோஸ் 11 அழகா தெரியும், ஆனா வருஷா வருஷம் வர்ற பெரிய அப்டேட் அதுல தானா வரும்னு நம்ப முடியாது. அதனால ஸ்க்ரீன்ல விண்டோஸ் 11 தெரியுதேன்னு விட்டுடாதீங்க, ப்ராசஸர் நம்பரைப் பாருங்க.

எப்படிப் பார்க்கிறது? கடையிலயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துனா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனா ப்ராசஸர் பேரு, ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்ல மாட்டியிருக்கு, டிஸ்க் எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா எல்லாம் தெரிஞ்சிடும். விண்டோஸ் பட்டனோட ஆர் அழுத்தி tpm.msc-ங்கிறதை டைப் பண்ணச் சொல்லுங்க, கடைக்காரருக்கே தெரியும், அதுல 2.0ன்னு காட்டணும். டெல் மெஷின்னா பின்னாடி சர்வீஸ் டேக்னு ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை டெல்லோட சப்போர்ட் சைட்ல போட்டா அந்த மெஷின் எப்போ எந்த நாட்டுக்கு அனுப்புனதுன்னு சொல்லிடும். கடைக்காரர் சொல்ற வயசும் அதுவும் ஒத்து வருதான்னு பார்த்துக்கலாம்.

ஹார்ட் டிஸ்க் மட்டும் இருக்கிற மெஷின் வேணவே வேணாம். இது ஒண்ணுல நான் யார்கிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி ரெண்டுமே ஃபைல் எல்லாம் சேமிக்கிற இடம்தான், ஆனா ஹார்ட் டிஸ்க்ல உள்ள தட்டு சுத்தி, முள்ளு நகர்ந்து போய்த் தேடணும், எஸ்எஸ்டில சுத்துற பாகமே கிடையாது. ஒரே ப்ராசஸர், ஒரே ரேம், எஸ்எஸ்டி மட்டும் மாத்துனா ரெண்டு நிமிஷம் எடுத்த மெஷின் இருபது செகண்டுல ஆன் ஆகும். 256 ஜிபி போதும், போட்டோ நிறைய இருந்தா பழைய ஹார்ட் டிஸ்க்கை ரெண்டாவதா மாட்டிக்கலாம். அந்த எஸ்எஸ்டியும் பழசா இருக்கலாம், க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போய் ஓட்டுனா எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, ஹெல்த் எவ்வளவுன்னு காட்டிடும்.

ரேம் 8 ஜிபி குறைஞ்சபட்சம், 16 இருந்தா நிம்மதி. க்ரோம்ல பத்து டேப், ஒரு வீடியோ க்ளாஸ், பக்கத்துல ஒரு வேர்ட் ஃபைல், இதுக்கே 8 ஜிபி திணற ஆரம்பிச்சிடும். 8ஆ இருந்தா ஒரே 8 ஜிபி குச்சியை விட ரெண்டு 4 ஜிபியா இருந்தா கொஞ்சம் வேகம் கூட, ஏன்னா இந்த மெஷின்ல தனி கிராபிக்ஸ் கார்டு இல்ல, ரேமைத்தான் கிராபிக்ஸுக்கும் பங்கு போட்டுக்கும். ஆனா பின்னாடி ஏத்துற ஐடியா இருந்தா காலி ஸ்லாட் இருக்கான்னு பாருங்க. 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறிக்கிட்டே இருக்கு, ஏஐ டேட்டா சென்டருக்குன்னு அள்ளிட்டுப் போறாங்க, அதனால முடிஞ்சா ரேமோட சேர்த்தே பேரம் பேசிடுங்க.

சைஸ் விஷயம். தீப்பெட்டியைப் பெருசாக்குன மாதிரி குட்டியா ஒரு வகை வரும், மானிட்டருக்குப் பின்னாடியே ஒளிச்சு வச்சிடலாம், பார்க்க நல்லா இருக்கும், கரன்டும் கம்மி. ஆனா அதுல லேப்டாப் ரேம்தான் போடணும், அடாப்டர் போயிட்டா அதே அடாப்டரைத் தேடணும். டவர் வகை இடத்தை அடைக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஸ்மால் ஃபார்ம்னு படுக்க வைக்கிற சைஸ் இருக்கு, வீட்டுக்கு அதுதான் சரி. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க, அதுல பவர் சப்ளை அந்தந்தக் கம்பெனி சைஸ்தான், தெருவுல கிடைக்கிற சாதா எஸ்எம்பிஎஸ் உள்ள போகாது, பையன் நாளைக்குப் பெரிய கேம் ஆடணும்னு கிராபிக்ஸ் கார்டு கேட்டா இது தாங்காது. அதை இப்பவே வீட்டுல பேசி முடிச்சிடுங்க. பாடத்துக்கு இது தாராளம், ப்ளஸ் ஒன்ல சி ப்ளஸ் ப்ளஸ், ப்ளஸ் டூல பைத்தான், ரெண்டும் இதுல சும்மா பறக்கும்.

யாரும் சொல்லாத சின்னச் செலவு சிலது இருக்கு, வீட்டுக்கு வந்தப்புறம்தான் முழிப்பாங்க. ஆபீஸ் மெஷின் நிறையத்துல ஹெச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளே போர்ட்டுதான் ரெண்டு இருக்கும், அதுல இருந்து ஹெச்டிஎம்ஐக்குப் போற கேபிள் தனியா வாங்கணும். வைஃபையும் பெரும்பாலும் இருக்காது, நானூறு ஐநூறு ரூபாய்க்கு யுஎஸ்பில சொருகுற டாங்கிள் போதும், ரௌட்டர் பக்கத்துலயே டேபிள் போட்டா ஒரு லேன் கேபிளே போதும், அதுதான் எப்பவும் நல்லது. வெப்கேம் இல்ல, மைக் இல்ல. பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை செட்டிங்ல, பழைய கம்பெனி பாஸ்வேர்ட் போட்டு வச்சிருக்காங்களான்னு கடையிலயே உள்ள போய்ப் பார்க்கச் சொல்லுங்க, பூட்டி இருந்தா அந்த மெஷினை அங்கேயே வச்சிட்டு அடுத்ததை எடுங்க.

மானிட்டர் மட்டும் புதுசா வாங்குங்க. செட்டோட சேர்த்துத் தர்ற பழைய மானிட்டர் பெரும்பாலும் பதினெட்டரை இன்ச்சு, திரையில 1366க்கு 768 புள்ளிதான், எழுத்து எல்லாம் புள்ளி புள்ளியா தெரியும், சைடுல இருந்து பார்த்தா கலரே மாறும். பிள்ளைங்க தினமும் மணிக்கணக்கா கண்ணு வைக்கிற இடம் அது, அதுல மிச்சம் பிடிக்கிறது எனக்கு மனசு ஒப்பல. 22 இன்ச்சு, ஐபிஎஸ் (சைடுல இருந்து பார்த்தாலும் கலர் பெருசா மாறாத திரை வகை), 1920க்கு 1080. அவ்வளவுதான், கேமிங் கீமிங்னு வேற எதுவும் தேவையில்ல.

அடுத்து யுபிஎஸ். நம்ம ஊர்ல கரன்ட் போறது மட்டும் பிரச்சினை இல்ல, போன கரன்ட் திரும்பி வர்றப்ப ஏத்த இறக்கமா வருமே, அதுதான் மெஷினுக்கு எமன். 600 விஏ யுபிஎஸ் போதும், இந்த மாதிரி மெஷினுக்குப் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் தாங்கும், ஃபைலை சேவ் பண்ணி அணைச்சிடலாம். வீட்டுல ஏற்கனவே இன்வெர்ட்டர் இருந்தா பின்னாடி யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்சு இருக்கான்னு பாருங்க, அதுல வச்சா கரன்ட் மாறுற நேரத்துல கம்ப்யூட்டர் அணையாம நிக்கும். எர்த்து சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சு செக் பண்ணிக்கங்க. எர்த்து இல்லாத வீட்டுல சிபியு பெட்டியைத் தொட்டா சுரீர்னு லேசா அடிக்கும், செருப்புப் போட்டுட்டு உக்காருன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி சமாளிக்கிற விஷயம் இல்ல அது.

அக்கா வீட்டுக்கு நாங்க கடைசியா எடுத்தது இதுதான்: ஐ5-8500 போட்ட ஆப்டிப்ளெக்ஸ் ஸ்மால் ஃபார்ம், 8 ஜிபி ரேம், 256 எஸ்எஸ்டி, 15,500. மானிட்டர் 6,800. யுபிஎஸ் 2,900. கீபோர்ட் மவுஸ் 750, டிஸ்ப்ளே போர்ட் கேபிள் 350, வைஃபை டாங்கிள் 450. மொத்தம் 26,750. கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் விலை மாறும், ஆனா எந்தச் சாமானுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்னு ஒரு அளவு கிடைக்கும்ல. வெப்கேம் அடுத்த மாசம்னு தள்ளி வச்சாச்சு, அதுவரைக்கும் போனையே வெப்கேமா பயன்படுத்திக்கலாம்.

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அங்கேயே உக்காந்து ஓட்டிப் பாருங்க, கூச்சப்பட வேணாம். யூடியூப்ல ரெண்டு வீடியோ ஓட விட்டு ஃபேன் சத்தம் எப்படி இருக்குன்னு கேளுங்க, பென்டிரைவை ஒவ்வொரு யுஎஸ்பிலயும் சொருகிப் பாருங்க, ப்ளக்கைப் பிடுங்கிட்டுத் திரும்ப மாட்டி ஆன் பண்ணுங்க, தேதி நேரம் தப்பாக் காட்டுனா உள்ள இருக்கிற சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கு, சின்ன விலைதான், அங்கேயே மாத்தி வாங்கிடுங்க. செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கம் போனா டிஜிட்டல் லைசென்ஸ்னு இருக்கணும். க்ராக் போட்ட விண்டோஸ்ல உங்க பேங்க் பாஸ்வேர்டை அடிக்காதீங்க. சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில், வாரன்டி எத்தனை மாசம்னு பில்லுலயே எழுதி வாங்குங்க, வாய் வார்த்தை அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வீட்டுல வைக்கிறப்ப ஹால்ல, எல்லாரும் நடமாடுற இடத்துல வைங்க, தரையில வேணாம், சுவத்துல ஒட்டவும் வேணாம். பிஸ்கட் துணுக்கு கிடந்தா எறும்பு வரும், பின்னாடி ஓட்டை மூடாம இருந்தா பல்லி உள்ள போய்ப் போர்டுல ஷார்ட் ஆகி ரெண்டுமே போயிடும், அப்படி ஒண்ணை நானே திறந்து எடுத்திருக்கேன். கார்டு இல்லாத ஸ்லாட்டுக்கு மூடித் தகடு இருக்கான்னு பாருங்க. விண்டோஸ்ல ஒவ்வொருத்தருக்கும் தனி அக்கவுண்ட் போடுங்க, பிள்ளைங்களுக்கு அட்மின் வேணாம், கண்டதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது.

மாமாவுக்கு ஒரு வேலை செஞ்சு கொடுத்தேன், அதையும் சொல்லிடுறேன். செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்குவேஜ் போய் தமிழைச் சேர்த்து, கீபோர்ட்ல தமிழ் 99ஐ சேர்த்துட்டேன், தனியா எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டியதில்ல, விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்துனா இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் மாறிக்கும். எழுத்து எங்க இருக்குன்னு ஒரு பேப்பர்ல பிரின்ட் எடுத்து மானிட்டர் கீழ ஒட்டி வச்சிருக்கோம். மாமா மூணு நாளா சரக்குப் பேரெல்லாம் தமிழ்லயே அடிச்சு லிஸ்ட் போட்டுட்டு இருக்காரு, துவரம் பருப்புல இருக்கிற ப்புக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆகுது.