சிரட்டை எருவும் மூன்று விரல் யூரியாவும்

இலங்கையின் வடக்கே, விசுவமடுவில் எங்கள் தோட்டத் துண்டு செம்மண். இறைத்த நீரும் போட்ட பசளையும் சட்டென்று கீழே இறங்கிவிடும். இந்த மண்ணில் கோவாவை (முட்டைக்கோஸை) இரண்டு விதமாகவும் கெடுத்துப் பார்த்தவள் நான்.

முதலில் யூரியாவால். கணக்கில்லாமல் அள்ளி வீசினேன். இலை கருகருவென்று பரந்தது, உருண்டை கட்ட மட்டும் மனம் வரவில்லை. கட்டிய சிலவும் தை மழையில் வெடித்து அழுகின. புழுவுக்கும் கொழுத்த இலைதான் விருப்பம்.

அடுத்தது 2021. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு அரசாங்கம் தடை போட்டது. நவம்பரில் நீக்கியபோதும் கடையில் மூட்டை இல்லை. எருவை மட்டும் நம்பி நட்டேன். மூன்றாம் கிழமையே அடியிலைகள் மஞ்சளாகின. நைதரசன் போதாவிட்டால் செடி பழைய இலையிலிருந்து உருவித் தளிருக்குக் கொடுக்கும். உருண்டைகள் தேங்காயளவோடு நின்றன. ஆனால் வெட்டி நாலைந்து நாள் திண்ணையில் கிடந்தும் அவை வாடவில்லை.

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஈர மாட்டெருவில் நூறு கிலோவுக்கு ஏறக்குறைய அரைக் கிலோதான், அதுவும் மெதுவாகத்தான் வரும். எரு செய்வது வேறு வேலை: ஈரத்தையும் சத்தையும் வேரடியில் பிடித்துவைக்கும். பக்கத்து வளவு மாமி இன்றும் யூரியாவைத் தொடமாட்டார்; அவருக்குப் பட்டி நிறைய மாடு. எனக்கு இரண்டே இரண்டு.

இப்போது நான் செய்வது இதுதான். கார்த்திகையில் நடுகிறேன். உருண்டை இறுகக் குளிர் வேண்டும். மாசியில் நட்டால் எந்தப் பசளையும் காப்பாற்றாது. நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் குழிக்கு ஒரு சிரட்டை உக்கிய மாட்டெரு. கோழி எரு என்றால் அரைச் சிரட்டை போதும். பச்சையாகப் போட்டால் வேரை எரித்துவிடும். கையில் பிசையும்போது சூடும் நாற்றமும் இல்லாமல் மண்போல உதிர வேண்டும். நடும்போது பொசுபரசு தரும் டி.எஸ்.பி. பசளை ஒரு தேக்கரண்டியைக் குழி மண்ணோடு கலக்கிறேன். பொசுபரசு மண்ணில் அதிகம் நகராது, வேர் போகும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

யூரியா மூன்றாம் கிழமையில் ஒருமுறை, உள்ளிலைகள் குவியத் தொடங்கும்போது ஒருமுறை, அவ்வளவுதான். மூன்று விரலால் கிள்ளும் அளவு. தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி வளையமாகத் தூவி, மண்ணால் மூடி, உடனே இறைக்க வேண்டும். வெயிலில் மேலே கிடந்தால் அமோனியாவாகிக் காற்றோடு போகும். கொடுத்த காசும் கூடவே போகும். இரண்டாம் தடவை பொற்றாசியம் தரும் எம்.ஓ.பி. பசளையும் ஒரு கிள்ளு சேர்ப்பேன். பெருமழை வரும் அறிகுறி தெரிந்தால் அன்றைக்குப் பசளை வேண்டாம். கரைந்து அடிமண்ணுக்குப் போய்விடும். உருண்டை இறுகிய பிறகு, இலை கொஞ்சம் வெளிறினாலும், யூரியாப் பக்கம் போகாதீர்கள்.

மலைநாட்டு நுவரெலியாக் கோவாவின் எடையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கிலோவைத் தாண்டினாலே எனக்குத் திருப்தி. பெருவிரலால் அழுத்திப் பார்த்து, விட்டுக்கொடுக்காவிட்டால் விடிகாலையில் வெட்டுகிறேன். கழித்த வெளியிலைகள் எருக்குவியலுக்குப் போகும். அழுகியவற்றை மட்டும் அங்கே போடாமல், தோட்டத்துக்கு வெளியே ஆழமாகப் புதைத்துவிடுகிறேன்.