பெங்களூரு இசை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா?

ஜூன் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து பெங்களூரு போகும் குடும்பங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஜே.பி. நகரில் 2019இல் திறந்த ‘இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ்’ அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். விமான நிலையம் வடக்கே, இது தெற்கே. அதனால் இறங்கிய அன்றே போக வேண்டாம், பிள்ளைகள் காரிலேயே சோர்ந்துவிடுவார்கள்.

கிளம்பும் முன் இங்கே சிங்கப்பூரிலேயே கொஞ்சம் தயார் செய்யுங்கள். சிராங்கூன் ரோடு கோயில்களில் நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, விரல் எங்கே போகிறது, குச்சி எந்தக் கையில் இருக்கிறது என்று காட்டுங்கள். எஸ்பிளனேட் கலை அரங்கில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கும். மூன்று நான்கு கருவிகள் பழகிவிட்டால் போதும். அங்கே போனதும், “அம்மா, நம்ம தவில்!” என்று தாங்களே தேடிப் பிடிப்பார்கள். நாம் விளக்கிச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைத் தொட முடியாது. வெளியே ஒலித் தோட்டத்தில் தட்டியும் உரசியும் வாசிக்கலாம். என் யோசனை, கூடங்களை முதலில் பார்த்துவிட்டுத் தோட்டத்தைக் கடைசியில் வையுங்கள். முதலில் தோட்டம் என்றால், அப்புறம் உள்ளே கை சும்மா இருக்காது.

கூடங்களில் இசை கேட்கப் பிள்ளைக்கு ஹெட்போன் மாட்டும் முன் உங்கள் காதில் வைத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கொடுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.