ஜுமோங் முதல் எபிசோட்: குழம்பாமல் பார்க்க

முதல் எபிசோடில் கதாநாயகன் ஜுமோங்கைத் தேடாதீர்கள். அவர் இன்னும் பிறக்கவே இல்லை. 2006-07-இல் தென் கொரியாவின் எம்பிசி டிவி ஒளிபரப்பிய இந்த 81 எபிசோட் தொடரைப் பலர் பாதியில் விடுவதற்குக் காரணமே இதுதான்: குதிரையில் வரும் முதல் வீரனை ஜுமோங் என்று நினைத்துவிடுகிறார்கள். அவர் ஹேமோசு, ஜுமோங்கின் அப்பா.

ரிமோட்டை எடுக்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து பெயர்களை எழுதி வையுங்கள். ஹேமோசு, ஹான் பேரரசை எதிர்க்கும் தாமுல் படையின் தலைவர். கும்வா, புயோ நாட்டு இளவரசர், ஹேமோசுவின் நண்பர். யூஹ்வா, காயம்பட்ட ஹேமோசுவைக் காப்பாற்றுபவள். யோமியுல், அரண்மனைப் பூசாரிணி. புதுக்புல், அமைச்சர். சண்டைக் காட்சியில் கவசமும் கொண்டையுமாக எல்லா முகமும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே முகத்தை விட்டுவிட்டு யார் யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று காதைக் கொடுங்கள்.

ஆனால் ஆங்கில சப்டைட்டிலில் படிக்கும் பெயரும் காதில் விழும் பெயரும் ஒட்டாது. ஆங்கிலத்தில் 'eu' என்று எழுதியிருக்கும் உயிரெழுத்தை நம் குற்றியலுகரம் மாதிரி, 'பாட்டு' என்பதன் கடைசியில் வருகிற அந்த அரை உகரமாகச் சொல்லிப் பாருங்கள். கும்வாவும் புதுக்புல்லும் உடனே பிடிபடும்.

வரலாறு இவ்வளவு போதும்: கி.மு. 108-இல் சீனாவின் ஹான் பேரரசு கோஜோசொன் நாட்டை வீழ்த்தியது. அகதிகளானவர்களை மீட்கத்தான் ஹேமோசு போராடுகிறார். ஜுமோங் கோகுர்யோ என்ற கொரிய அரசை நிறுவியதாக மரபு சொல்வது கி.மு. 37. வயதுக் கணக்குப் போட்டால் உதைக்கும், போடாதீர்கள். ஜுமோங் முட்டையிலிருந்து பிறந்த கதையை முன்பே படித்தவர்கள் அதையும் ஓரமாக வைக்கவும். புராணத்தில் வானத்திலிருந்து இறங்கும் ஹேமோசு இங்கே ரத்தமும் சதையுமான தளபதி. கண் வைக்க வேண்டியது இரும்பில். ஹான் குதிரைப்படைக்கு மேலெல்லாம் இரும்புக் கவசம். அவர்கள் எஃகு வாளுக்கு முன் எதிராளியின் ஆயுதம் தாங்குவதில்லை. அந்த எஃகின் ரகசியத்தைத் தேடுவது தொடர் முழுக்க ஓடும்.

டிவிடியையோ ஃபைலையோ விண்டோஸ் கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் வைத்துப் பார்த்தால், சப்டைட்டில் பேச்சுக்கு முன்னால் ஓடும்போது 'எச்' பட்டனையும் பின்தங்கும்போது 'ஜி' பட்டனையும் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி நகரும், அதாவது ஒரு விநாடிக்கு 20 தட்டு. நடுவில் திடீரென்று விலகினால் அந்த சப்டைட்டில் வேறு மாதிரி எடிட் செய்த பதிப்புக்கு எழுதியது. தட்டித் தட்டி ஓயாமல் வேறொன்றைத் தேடுங்கள்.

பாட்டிக்கும் சேர்த்துப் போடுவதென்றால் வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அப்போது ஒரு மணி நேர எபிசோடுக்கு ஒன்றரை மணி ஒதுக்குங்கள். சண்டையில் நிறுத்த வேண்டாம். யோமியுலும் புதுக்புல்லும் பேசும் அரண்மனைக் காட்சிகளில் நிறுத்தி விளக்குங்கள், சதி அங்கேதான் முளைக்கிறது. சென்னை மே மாதத்தில் கரண்டை நம்பி மதியம் உட்காராதீர்கள், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உத்தமம்.

முதல் எபிசோடோடு முடிவு கட்டாமல் அடுத்த இரண்டையும் சேர்த்தே பாருங்கள். வளர்ந்த ஜுமோங் வரும்போது வீரனாக வரமாட்டார், பயந்தாங்கொள்ளியாகத்தான் வருவார். ஆளை மாற்றிவிட்டார்களோ என்று அணைத்துவிடாதீர்கள்.